குலசேகரம் தென்னை விளையில் ஒரு ஜயண்ட் ரெட்ஐ

ஜயண்ட் ரெட்ஐ என்ற பெரிய பட்டாம்பூச்சியைப் பார்த்துவிட்டு நேற்று ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தேன். குமரி மாவட்டத்தில் பட்டாம்பூச்சி பார்க்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஆட்டோவில் ஏறும் முன் காத்திருப்புக் கூலியையும் பேசிவிடுங்கள். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போக வர ஐந்நூறு என்று பேசித்தான் ஏறினேன். திரும்பி வந்து இறங்கும்போது, காத்திருந்ததற்கு இருநூறு தனியாகக் கொடு என்று நடுரோட்டில் சத்தம். இரண்டு நாளைக்கு நான் வைத்திருந்ததே 2,000 ரூபாய். இது அநியாயம். பஸ் இருக்கிறது, அதில் போங்கள்.

பேச்சிப்பாறையில் மூங்கில் ஓரமாக செஸ்ட்நட் பாப் என்ற பட்டாம்பூச்சி ஒன்று கிடைத்தது. கட்டைவிரல் நகம் அளவுதான். செங்காவி நிறம், பின்னிறகின் அடியில் வெள்ளிப் பொட்டுகள். அழகுதான், ஆனால் எழுநூறு ரூபாய்க்கு அது ஒன்றுதான் என்றால் மனசு ஆறுமா?

சாயங்காலம் குலசேகரத்தைத் தாண்டி ஒரு டீக்கடை. சூடான ரசவடை, கூடவே மட்டிப்பழம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். அந்த மணம் வேறு எந்த வாழைக்கும் கிடையாது. இரண்டு சீப்பு வாங்கினேன். கடைக்குப் பின்னால் தென்னை விளை. கேமராவைப் பார்த்துவிட்டு கடைக்காரப் பாட்டா, "பூச்சி பாக்கவா வந்திய மக்களே? இஞ்ச வாங்க" என்று கூட்டிப்போனார்.

சின்னத் தென்னங்கன்று. ஓலையின் சிற்றிலைகள் சுருண்டு குழாயாக ஒட்டியிருந்தன. பிரித்தால், பஞ்சுத் திரி போல ஒரு புழு! உடம்பு முழுக்க வெள்ளை மெழுகு இழைகள். தொட்டதும் விரலில் மாவு மாதிரி ஒட்டியது. ஜயண்ட் ரெட்ஐயின் புழு! ஸ்கிப்பர் என்ற பட்டாம்பூச்சிக் குடும்பத்தில் நம் ஊரில் இருக்கும் பெரிய ஆட்களில் இது ஒன்று. இறகு விரித்தால் ஏழு சென்டிமீட்டர் வரும். பகலில் நிழலில் ஒடுங்கிக் கிடந்து அந்தி மயங்கும்போதுதான் பறக்கும். அதனால் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆறேகால் மணி இருக்கும். வாழையிலைக்கு அடியில் இறகை மூடி ஒன்று உட்கார்ந்திருந்தது. சாக்லேட் பழுப்பு. பின்னிறகின் அடிப்பக்கம் சாம்பல் ஊதாப் பொடி தூவிய மாதிரி. முன்னிறகில் மூன்று பெரிய மஞ்சள் கட்டங்கள், நுனிப்பக்கம் மூன்று சின்னப் புள்ளிகள். அந்தக் கட்டங்களில் இறகுச் செதில்கள் அடர்த்தியாக இல்லை, கண்ணாடி மாதிரி. இலைக்கு மறுபக்கம் பாட்டா டார்ச் அடித்ததும் மூன்றும் தேன் நிறத்தில் எரிந்தன. கண்ணோ மாதுளை முத்துச் சிவப்பு! உணர்கொம்பின் நுனி கொக்கி போல் வளைந்திருந்தது. அந்தக் கொக்கியைப் பார்த்தாலே ஸ்கிப்பர் என்று சொல்லிவிடலாம்.

நாலு படம்தான் எடுத்தேன். விர்ரென்று தென்னை உச்சிக்குப் போய்விட்டது.

சரி, எப்படிப் போவது என்று சொல்லவேயில்லை. நாகர்கோவில் வடசேரியிலிருந்து குலசேகரத்துக்கு பஸ் உண்டு. மதியத்துக்கு மேல் கிளம்பினால் போதும். தென்னங்கன்றுகளில் சுருண்ட ஓலையைத் தேடுங்கள், பார்த்துவிட்டு மெதுவாக மூடிவிடுங்கள். டார்ச் மறக்காதீர்கள்.