மேசைக்கு அடியில் இருக்கும் பூனை

நீதி சொல்லும் பழைய ஓவியங்களைக் கையால் நகல் வரைபவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஒரே வேண்டுகோள்: ஓரங்களை அவசரமாக முடித்துவிடாதீர்கள். இந்த வகை ஓவியத்தில் பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது.

ஆங்கில ஓவியர் ஹோல்மன் ஹன்ட் 1853-இல் வரைந்த ‘விழித்தெழும் மனசாட்சி’யைப் பாருங்கள். காதலனின் மடியிலிருந்து ஒரு பெண் சட்டென்று எழுகிறாள். மேசைக்கு அடியில் பூனையிடம் ஒரு பறவை சிக்கியிருக்கிறது. தரையில் கழற்றிப் போட்ட கையுறை, சிக்கு விழுந்த நூல். பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடியில் பிரதிபலிக்கும், வெயில் விழும் தோட்டம். அவள் பார்ப்பது அந்தத் தோட்டத்தைத்தான். இதெல்லாம் பழுப்புத் தீற்றலாகிவிட்டால் மிஞ்சுவது வெறும் காதல் படம். (அவள் முகத்தையே ஹன்ட் பின்னர் மாற்றி வரைந்தார். முதல் முகத்தில் இருந்த வேதனையை, படத்தை வாங்கியவரால் தாங்க முடியவில்லை.)

அப்புறம், அச்சடித்த கேன்வாஸின் மேல் வார்னிஷ் தடவி, கையால் வரைந்தது என்று விற்பதும் நடக்கிறது. வாங்கும் முன் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். தூரிகைத் தடம் படத்தில் வரைந்திருக்கும் துணியின் மடிப்போடும் கையின் வளைவோடும் சேர்ந்து போக வேண்டும். படம் முழுக்க ஒரே மாதிரி வரி ஓடினால் சந்தேகப்படுங்கள்.