கோத்தகிரியில் பெகோனியா: குழித்தட்டிலிருந்து தொட்டி வரை

பிப்ரவரி 16

தொட்டியில் வளர்க்கும் பூச்செடியான மெழுகு பெகோனியாவின் குழித்தட்டு நாற்றுகள் (சிறு குழிகள் கொண்ட தட்டில் வளர்த்தவை) இன்று வந்து சேர்ந்தன. ஒரு கிராமில் ஏறத்தாழ 70,000 என்ற கணக்கில் தூசியைப் போல இருக்கும் இதன் விதையை, மண்ணால் மூடாமல் ஒளிபட விதைத்து, ஒருபோதும் காயாமல் காக்க வேண்டியிருப்பதால், வீட்டுத் தோட்டக்காரருக்கு நாற்றாக வாங்குவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். பயணக் களைப்பு நீங்கட்டும் என்று, தட்டை ஆழமில்லாத நீரில் சிறிது நேரம் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏற்றிய பின், வெயில் நேராகப் படாத சன்னலோரத்தில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 18

இன்று நடவு. தென்னை நார்க்கழிவைப் பலமுறை கழுவி உப்பை நீக்கிய பிறகு, அதனுடன் பெர்லைட்டும் (மண்ணில் காற்றும் வடிகாலும் தரும் இலேசான வெள்ளைக் கல்துகள்) சிறிதளவு மண்புழு உரமும் கலந்தேன். தோட்டத்துச் செம்மண்ணைச் சேர்க்கவில்லை; சிறு தொட்டியில் அது இறுகி, மயிரிழை போன்ற இந்த வேர்களுக்குக் காற்றுப் புகவிடாது. குழியின் அடியிலிருந்து குச்சியால் மெல்லத் தள்ளி, தண்டைத் தொடாமல் இலையைப் பிடித்து எடுத்து, தட்டில் இருந்த ஆழத்திலேயே மூன்று அங்குலத் தொட்டிகளில் நட்டேன். தண்டின் அடிப்பகுதி மண்ணுக்குள் புதைந்தால் அழுகல் அங்கேதான் தொடங்கும். நேராகப் பெரிய தொட்டியில் நட்டால் வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும் என்பதால்தான் இந்தச் சிறிய தொட்டி.

மார்ச் 3

இரவுக் குளிர் இன்னும் விடவில்லை; தொட்டிகள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. மேலே வளர்ச்சி அதிகம் தெரியவில்லை, ஆனால் வடிகால் துளைகளில் வெள்ளை வேர்நுனிகள் எட்டிப் பார்க்கின்றன.

மார்ச் 17

பெகோனியாவின் தண்டும் இலையும் நீர் நிறைந்தவை; ஒருநாள் தாகத்தை அவை தாங்கிக்கொள்ளும், ஓயாத ஈரத்தைத் தாங்குவதில்லை. வேர் அழுகிய செடியும் நீர் இல்லாத செடியைப் போலவே வாடி நிற்பதால், வாட்டத்தைக் கண்டதும் மேலும் ஊற்றுவது அதைக் கொன்றுவிடும். ஆகவே தொட்டியைக் கையில் தூக்கிப் பார்த்து, எடை குறைந்து மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும், காலை வேளையில், இலை நனையாமல் ஊற்றுகிறேன். மாலையில் நனைந்த இலை இந்த ஊர்ப் பனியில் விடியும்வரை உலராது. புதுத் துளிர் வந்துவிட்டதால், தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் வீதம் கரைத்துக் கொடுக்கத் தொடங்கியுள்ளேன்.

ஏப்ரல் 7

வேர் சுற்றி நிறைந்துவிட்டதால் எல்லாவற்றையும் ஆறு அங்குலத் தொட்டிக்கு மாற்றினேன். நெடிதாக ஓடியவற்றின் நுனியைக் கிள்ளியிருக்கிறேன். மற்றவை தாமாகவே பக்கக்கிளை விட்டுள்ளன. செம்பழுப்பு இலை கொண்டவை வெயிலைக் கூடுதலாகத் தாங்கும் என்பதால் முற்றத்தின் விளிம்புக்கும், பச்சை இலைச் செடிகள் நிழல்வலைக்கு அடியிலும் போயின.

ஏப்ரல் 28

பூக்கள் வந்துவிட்டன. ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் தனித்தனியாக இருக்கின்றன. இதழ்களுக்குப் பின்னால் மூன்று சிறகுகளுடன் சூற்பை தெரிந்தால் அது பெண் பூ. பெரிய பூ விடும் கிழங்கு பெகோனியாவை ஏன் வளர்க்கவில்லை என்று நண்பர் கேட்டார். நீண்ட பகலில் பூத்து, பகல் குறுகும்போது கிழங்கு கட்டும் அதற்கு, கோடையிலும் பகல் பதின்மூன்று மணி நேரத்தை எட்டாத நம் நீலகிரியில் விளக்கு வெளிச்சமும் தர வேண்டியிருக்கும். மெழுகு பெகோனியாவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனாலேயே இதை நான் மிகவும் விரும்புகிறேன்.

மே 19

தொடர்ந்து கோடை மழை. உதிர்ந்த பூக்கள் ஈர இலைமேல் ஒட்டிக்கொண்ட இடங்களில் சாம்பல்நிறப் பூஞ்சை தொற்றியது. அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, காற்றோட்டத்துக்காகத் தொட்டிகளை விலக்கி வைத்தேன், மருந்து தேவைப்படவில்லை.

ஜூன் 9

அடித்தண்டிலிருந்து பூவில்லாத இளங்கிளைகளை வெட்டி, கழுவிய நார்க்கழிவில் ஊன்றியிருக்கிறேன். இவை கலப்பினங்கள் என்பதால் சேகரித்த விதையிலிருந்து தாய்ச்செடியின் நிறம் அப்படியே வராது. தண்டு நட்டால் வரும். முதலில் செம்பழுப்பு இலைச் செடிகளிலிருந்து எடுத்தேன். வேர் பிடித்த பிறகு பச்சை இலை வகை.