ஆடியில் வண்டி விற்கிறேன்

2025 ஜூலை 14, திங்கள்

மின்சாரச் சரக்கு வண்டிகளை நிறுவனங்களுக்கு விற்பது என் வேலை. ஷோரூமுக்கு வந்து ஒற்றை வண்டி வாங்குகிறவர் என் கணக்கில் வரமாட்டார். ஐந்து, பத்து என்று சேர்த்து எடுக்கக்கூடியவர்களை நானே தேடிப் போக வேண்டும். மேலாளர் காலையில் ஒரு பட்டியல் கொடுத்தார்: கூரியர் நிறுவனங்கள், மென்பொருள் நிறுவனங்கள், பெரிய மளிகைக் கடைகள். சென்னையில் இந்த வேலை பார்க்கும் எல்லாரிடமும் இதே பட்டியல்தான் இருக்கும்.

அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு, அரசின் வண்டிப் பதிவு விவரங்கள் இருக்கும் வாகன் இணையதளத்தைத் திறந்தேன். எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எந்த வகை வண்டி எத்தனை பதிவாகிறது என்பதை அங்கே யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தேடத் தொடங்க ஒரு திசை கிடைத்தால் எனக்குப் போதும். அம்பத்தூரில் தொடங்குகிறேன்.

மாலையில் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, வண்டி உரிமையாளர்களின் கைபேசி எண்கள் மொத்தமாக இருக்கின்றன, விலைக்குத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். கதவிலேயே முதலாளி பெயரை எழுதிக்கொண்டு ஊரைச் சுற்றும் தொழிலில் திருட்டுப் பட்டியல் எதற்கு?

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. அலுவலகத்தில் எல்லாரும் நாற்காலியைப் பின்னால் சாய்த்துவிட்டார்கள். ஆடியில் யார் வண்டி எடுப்பார்கள்? யாரும் எடுக்கமாட்டார்கள். ஆனால் பேசுவார்கள். ஆவணியில் வாங்கப்போகிறவருக்கு இப்போதுதான் உட்கார்ந்து கணக்குப் பார்க்க நேரம் இருக்கிறது.

விடியற்காலை கோயம்பேட்டில் நின்றேன். குட்டி யானைகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றுகூட எனக்கு ஆகாது. இன்றைக்குத் தாம்பரம், நாளைக்குப் பொன்னேரி, வாடகை கிடைத்தால் செங்கல்பட்டைத் தாண்டியும் போவார்கள். அவர்களிடம் மின்வண்டியை விற்பது பாவம். பால், ரொட்டி, குடிநீர் கேன், எரிவாயு உருளை, மருத்துவமனைச் சலவை, இவையெல்லாம் தினமும் ஒரே தெருக்களில் ஓடி ஒரே இடத்துக்குத் திரும்புகின்றன. இனி யாரைப் பார்த்தாலும் என் முதல் கேள்வி, இரவில் வண்டி எங்கே நிற்கிறது என்பதுதான்.

ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகளை அரசு தொடங்கிவைத்ததே, அதுவும் இதே கணக்குதான். குறித்த தடம், திரும்பி வந்தால் சார்ஜர்.

ஜூலை 22, செவ்வாய்

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டி ஒரு குடிநீர் கேன் நிறுவனம். டீசல் வண்டிகள் ஏழு, சொந்தக் கொட்டகை, மாறாத தெருக்கள். முதலாளிக்கு மூன்று சக்கர வண்டி மேல் கண். மின்வண்டிகளுக்கு மத்திய அரசு தரும் பி.எம். இ-டிரைவ் மானியம் அதற்கு உண்டு என்று எங்கோ படித்திருக்கிறார்.

"ஒரு நடைக்கு எத்தனை கேன் ஏற்றுவீர்கள்?"

"நாற்பது, நாற்பத்தைந்து போகும் அம்மா."

20 லிட்டர் கேன், கேனோடு சேர்த்து இருபது கிலோவைத் தாண்டும். நாற்பத்தைந்து கேன் என்றால் 900 கிலோவுக்கு மேல். மூன்று சக்கர மின்வண்டிகள் பெரும்பாலும் 500, 550 கிலோவுக்கு அனுமதி பெற்றவை. "ஏற்றினால் ஏறும் அம்மா, டீசலில் ஏற்றவில்லையா?" என்றார். ஏறும். தூரம் குறையும், வாரண்டியும் போகும், மூன்றாம் மாதம் என் பெயரைச் சொல்லித் திட்டுவார். அவருக்குத் தேவை ஒரு டன் சுமக்கும் நான்கு சக்கர வண்டி. அந்த அளவுச் சிறு வண்டிக்கு இந்த மானியம் கிடையாது. அதையும் சொல்லிவிட்டேன்.

பிறகு அவர் மேசையிலேயே கணக்குப் போட்டோம். நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர். நின்று நின்று போகும் வண்டி லிட்டருக்குப் பதினைந்து கொடுத்தால் நான்கு லிட்டர். 92 ரூபாய் வீதம் 370 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மின்வண்டிக்குப் பத்துப் பன்னிரண்டு யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்று கூட்டியே வைத்தாலும் 120. உறுதி செய்துகொள்ள மூன்று மாத டீசல் ரசீதுகளைக் கேட்டேன். முதலாளி உடனே தலையாட்டினார். பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளரின் முகம்தான் மாறியது. ஏன் என்று எழுத வேண்டியதில்லை.

ஜூலை 30, புதன்

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பெரிய நிறுவனம். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த அறை, நல்ல காபி. பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி, அங்கே பட்டியலிட்ட முதல் 1,000 நிறுவனங்கள் ஆண்டுதோறும் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கை தர வேண்டும். அதனால் மின்வண்டி என்றால் இங்கே மிகுந்த ஆர்வம். ஆனால் இவர்கள் வண்டி வாங்குவதில்லை. "எங்கள் ஒப்பந்தக்காரரிடம் பேசுங்கள்" என்று ஓர் எண் கொடுத்தார்கள்.

ஒப்பந்தக்காரர் சிரித்தார். "எனக்கு ஒப்பந்தம் ஒரு வருடம் மேடம். வண்டிக் கடன் நான்கு வருடம். நடுவில் என்னை மாற்றிவிட்டால் தவணையை அவர்களா கட்டுவார்கள்?" மின்வண்டி இரண்டாம் கைக்கு என்ன விலைக்குப் போகும் என்று கடன் கொடுப்பவருக்கே தெரியாததால் வட்டியும் கூடுதலாகக் கேட்கிறார்கள் என்றார். அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. மறுபடி கண்ணாடிக் கதவுக்குப் போய், மூன்று வருட ஒப்பந்தம் எழுதித் தரமுடியுமா என்று கேட்டிருக்கிறேன். யோசிக்கிறார்கள். யோசிப்பார்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. விடுமுறை. குடிநீர்க்காரர் மட்டும் அழைத்து, நல்ல நாள் என்பதால் பேச்சைத் தொடங்குகிறேன், முன்பணம் ஆவணியில் என்றார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பாரிமுனையில் ஒரு மருந்து மொத்த வியாபாரி. எடை குறைந்த சரக்கு, குறுகிய தூரம், எல்லாம் பொருத்தம். ஆனால் வண்டிகள் இரவில் தெருவோரம் தூங்குகின்றன. மூன்றாவது மாடியிலிருந்து வயர் இழுக்கலாமா என்று கேட்டார். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

அங்கிருந்து வில்லிவாக்கம், ரொட்டித் தொழிற்கூடம். ஆறு வண்டிகள். ஒவ்வொன்றும் சார்ஜ் ஏறும்போது மூன்று கிலோவாட் என்றால் பதினெட்டு. அவர்களுடைய மின் இணைப்பின் அனுமதி இருபது கிலோவாட், அதை மாவு பிசையும் இயந்திரமும் அடுப்பும் தின்றுவிடுகின்றன. கூடுதல் மின்பளு கேட்டு மின்வாரியத்துக்கு எழுத வேண்டும், இடம் வாடகை என்பதால் கட்டட உரிமையாளரின் சம்மதம் வேண்டும், அவர் வெளிநாட்டில் இருக்கிறார். வழக்கமாக இந்த இடத்தில்தான் பேச்சு செத்துப்போகும்.

கணக்கர் பெரியவர், எழுபது வயது இருக்கும். அவர்தான் மெதுவாகச் சொன்னார்: "ரொட்டி சுடுவது ராத்திரி. வண்டி காலை பத்து மணிக்குத் திரும்பினால் மூன்று மணி வரை சும்மாதானே நிற்கிறது? அப்போது அடுப்பும் ஓடாது." எங்கள் பயிற்சியில் எல்லாரும் இரவு சார்ஜ், இரவு சார்ஜ் என்றே சொல்லிக்கொடுத்தார்கள். அவரைப் பயிற்சிக்கு அனுப்பிவைக்கலாம்.

ஆகஸ்ட் 16, சனி

நேற்று செங்கோட்டையில் பிரதமர், தீபாவளிக்குள் ஜி.எஸ்.டி. குறையும் என்றார். இன்று எல்லாரும் ஒரே பதில்: "பொறுத்துப் பார்க்கலாம் மேடம்." நாளை ஆவணி பிறந்து என்ன பயன்?

செப்டம்பர் 4, வியாழன்

நேற்றைய ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு: சரக்கு வண்டிகளுக்கும் மூன்று சக்கர வண்டிகளுக்கும் 28 சதவீதம் 18 ஆகிறது, செப்டம்பர் 22 முதல். மின்வண்டிக்கு 2019 ஆகஸ்டிலிருந்து இருக்கும் 5 சதவீதம் அப்படியே. டீசல் வண்டி மலிவாகிவிட்டது என்று அலுவலகத்தில் இழவு வீட்டுக் களை.

ஆனால் யாருக்கு மலிவு? குடிநீர்க்காரர் சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்கிறவர், அதாவது தான் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் அதைக் கழித்துக்கொள்கிறவர். 28 ஆனாலும் 18 ஆனாலும் அவருக்குத் திரும்பி வரும். இதைச் சொன்னதும் அவர் தன் ஆடிட்டரை அழைத்தார், ஆடிட்டர் ஆமாம் என்றார். கூடவே அவர் ஒன்று சேர்த்தார்: வருமான வரியில், வண்டியின் மதிப்பில் ஆண்டுதோறும் செலவாகக் கழிக்கும் தேய்மானம் மின்வண்டிக்கு 40 சதவீதம், சொந்த உபயோகச் சரக்கு வண்டிக்கு 15. இதை நான் சொல்லியிருந்தால் விற்கிறவள் பேச்சு என்று போயிருக்கும்.

ரொட்டிக்காரருக்கு நிலைமை வேறு. ரொட்டிக்கு வரி கிடையாது, அதனால் வரவும் முழுதாகக் கிடைக்காது. அவருக்கு டீசல் வண்டி உண்மையிலேயே மலிவாகிறது. ஒப்பந்தக்காரர்கள் பலரும் வாடகைக்கு 5 சதவீத வரி மட்டும் என்ற கணக்கில், வரவு எடுக்காமல் ஓட்டுகிறவர்கள், அவர்களுக்கும் அப்படியே. இனி இரவில் வண்டி எங்கே நிற்கிறது என்ற கேள்விக்கு அடுத்தது, வரி வரவு எடுக்கிறீர்களா என்பது.

செப்டம்பர் 11, வியாழன்

பெரிய நிறுவனம் பதில் அனுப்பியிருக்கிறது. ஒரு வருடம், நீட்டிக்கும் வாய்ப்புடன். ஒப்பந்தக்காரருக்கு அனுப்பினேன். மறுபடி சிரித்தார்.

செப்டம்பர் 24, புதன்

குடிநீர்க்காரர் நான்கு வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டார். ஆயுத பூஜைக்கு, அதாவது அக்டோபர் 1க்கு, பொட்டு வைத்து நிறுத்த வேண்டுமாம். பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து எண் வருவதற்குள் சந்தனம் காய்ந்துவிடக் கூடாது. மாநில அரசின் சாலை வரி விலக்கு டிசம்பர் 31 வரை இருக்கிறது, பெர்மிட்டும் 2018 முதல் தேவையில்லை, பதிவில் சிக்கல் வராது. வண்டியின் இருப்பிடம் காட்டும் செயலியை யார் கைபேசியில் போடுவது என்பதில்தான் மேற்பார்வையாளருக்கு இன்னும் தகராறு. முதலாளி தன் மகளின் கைபேசியில் போடச் சொல்லிவிட்டார்.

ரொட்டிக் கூடம் ஆறுக்குப் பதில் இரண்டு எடுத்துப் பார்க்கலாம் என்கிறது. கணக்கரய்யா பகல் சார்ஜுக்குத் தனி மீட்டர் வைத்து, ஒரு மாதம் தானே எழுதிப் பார்க்கப்போகிறாராம். நாளை காலை பத்து மணிக்கு எலெக்ட்ரீஷியனை அழைத்துக்கொண்டு போக வேண்டும், எர்த் சரியில்லை.