பப்பிள் வந்தால் மட்டும் போதாது: ஒரு மேனோமீட்டர் வாங்கிய கதை

"பப்பிள்தான் வருதே சிஸ்டர், அப்புறம் மீட்டர் எதுக்கு?" ஸ்டோரில் இப்படிக் கேட்டதும் வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை. நான் கேட்டது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிரஷர் மேனோமீட்டர், அதாவது காற்றழுத்தத்தை அளக்கும் மீட்டர்.

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் பச்சிளங்குழந்தை வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எங்களிடம் ஓடுவது பப்பிள் சிபாப்: மூச்சுக்குத் திணறும் குழந்தைக்கு மூக்கு வழியாக விடாமல் அழுத்தத்தோடு காற்றுக் கொடுக்கும் மெஷின். வெளிமூச்சுக் குழாயின் நுனியைப் பாட்டில் தண்ணீரில் 5 செ.மீ. ஆழத்தில் வைத்தால் 5 செ.மீ. நீரழுத்தம். பாட்டிலுக்குள் இந்தக் கணக்கு சரி. குழந்தையின் மூக்கில் எவ்வளவு நிற்கிறது என்பது மூக்குக்குப் பக்கத்தில் அளந்தால்தான் தெரியும். வாய் வழியாகக் காற்று கசிந்துகொண்டிருந்தாலும், ஃப்ளோ (மெஷினிலிருந்து வரும் காற்றின் அளவு) அதிகமாக இருந்தால் பப்பிள் ஜோராக வரும்.

பழைய மேனோமீட்டர் உப்புக்காற்றில் கெட்டுப்போய், எதிலும் மாட்டாமல் சும்மா வைத்திருக்கும்போதே முள் 2-ல் நின்றது. புதுசு வேண்டுமென்றால் பழையதைக் கண்டெம் செய்த, அதாவது இனி உதவாது என்று கழித்த சான்று வேண்டுமாம். சரி என்று பழைய மீட்டரையும் எடுத்துக்கொண்டு ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே ரெஜிஸ்டரைப் புரட்டியவர், "இப்படி ஒரு பொருளே ஏறலையே, இல்லாததை எப்படிக் கண்டெம் பண்றது?" என்றார். அன்றைக்கு லீவு போனதுதான் மிச்சம்.

விஷயம் இதுதான்: மேனோமீட்டர் தனியாக வரவில்லை, சிபாப் மெஷினோடு உதிரியாக வந்திருக்கிறது. வார்டு பீரோவின் அடித்தட்டில் கிடந்த டெலிவரி சலானில் அது தனி வரியாகவே இருந்தது. அதை நீட்டியதும் மறுபேச்சில்லாமல் கையெழுத்து விழுந்தது. எந்த மெஷின் வந்தாலும் சலானை ஒரு நகல் எடுத்து வார்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் வந்த சமயம், பாம்பன் பக்கத்து மீனவக் குடும்பத்துக் குழந்தை ஒன்று சிபாப்பில் இருந்தது. குறைமாதம். முனகல் நிற்கவில்லை, ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்கு இடையே தோல் உள்வாங்கியது. பாட்டிலிலோ பப்பிளுக்குக் குறைவில்லை. எட்டிப் பார்த்த அப்பத்தா, "என்ன தாயி, உலைத்தண்ணி மாதிரி கொதிக்குது?" என்றார். பாட்டிலில் 6 வைத்திருந்தோம். மீட்டரை மாட்டினால் 3.

மூக்கில் வைக்கும் குட்டிக் குழாய்களான பிராங்ஸைக் கழற்றி விரலால் அடைத்துப் பார்த்தேன். முள் நேராக 6-க்குப் போனது. அப்படியானால் சர்க்யூட்டில் (மெஷினின் குழாய்களில்) கசிவு இல்லை, குழந்தையிடம்தான். வாய் திறந்திருந்தது, பிராங்ஸும் ஒரு சைஸ் சின்னது. டாக்டரிடம் சொல்லி சைஸை மாற்றி, தாடையைத் தாங்கும் பட்டையை மெதுவாகக் கட்டியதும் ஐந்தரைக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் முனகலும் அடங்கியது. கசிவை அடைக்கிறேன் என்று பிராங்ஸை உள்ளே அழுத்திவிடாதீர்கள். மூக்கின் நடுத்தண்டு முதலில் வெளுக்கும், அப்புறம் புண்ணாகும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ராத்திரி ஏசி குளிரில் வெளிமூச்சுக் குழாயின் தொங்கலில் தண்ணீர் சேர்ந்து, 6 வைத்திருந்த இடத்தில் மீட்டர் 9-ஐத் தொட்டது. வடித்துவிட்டதும் இறங்கிவிட்டது. அந்தத் தண்ணீர் பாட்டிலில் போய்ச் சேர்ந்து மட்டம் உயர்ந்தாலும் அழுத்தம் ஏறும். ஃப்ளோவைக் கூட்டினாலும் ஏறும். கூடுதல் அழுத்தத்தில் நுரையீரல் ஓட்டையாகி நெஞ்சுக்குள் காற்று சேரும் ஆபத்து இருக்கிறது. அதனால் ஷிஃப்ட் மாறும்போது பாட்டில் ஆழம், ஃப்ளோ, மீட்டர் மூன்றையும் சேர்த்தே எழுதுகிறோம். வயிறு உப்பியிருக்கிறதா, வாய் வழியாக வயிற்றுக்குப் போகும் ஓஜி ட்யூப் திறந்திருக்கிறதா என்பதும் அதே வரியில்.

மீட்டரை மாட்டும் முன் முள் 0-வில் நிற்கிறதா பாருங்கள். மீட்டருக்குப் போகும் சின்ன லைன் கீழே தொங்கக் கூடாது, தண்ணீர் புகுந்தால் அது காட்டுவதெல்லாம் பொய். இன்னொன்று, பிராங்ஸில் சளி அடைத்திருந்தால் பப்பிளும் வரும், மீட்டரும் சரியாகவே காட்டும், குழந்தைக்கு மட்டும் காற்று போகாது. அதனால் மீட்டர் நம்பர் நன்றாக இருந்தாலும் சட்டையை விலக்கி நெஞ்சை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நகர்வேன்.

வார்டுக்கு ஒரு மேனோமீட்டர்தான் தருவார்களாம். எல்லா வார்மரிலும் (குழந்தையைச் சூடாக வைக்கும் படுக்கை) சிபாப் ஓடும் ராத்திரிகளில் மீட்டரைத் துடைத்துத் துடைத்து மாற்றி மாட்டுகிறோம், லைன் மட்டும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனி. இரண்டாவதுக்கு இண்டென்ட் போட்டாச்சு. சலான் நகலை இந்த முறை முதலிலேயே பின் செய்துவிட்டேன்.