இத்தாலிய கோதிக் பேய்ப்படங்கள்: தேர்வுக்கு நான் படித்த விதம்

சினிமா முதுகலையில் இந்தத் தாளை எடுத்தபோது முதல் இன்டர்னலில் எனக்கு 20க்கு 8தான் வந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கதைச்சுருக்கம் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். பாழடைந்த மாளிகை, பழைய சாபம், செத்தும் அடங்காத ஒரு பெண். பாதிப் படங்களுக்கு இதுதான் கதை. என் விடைகளும் ஒன்றுபோலவே இருந்தன.

அப்புறம் கதையை விட்டுவிட்டு, ஒரு காட்சி எப்படி எடுக்கப்பட்டது என்று மட்டும் படிக்க ஆரம்பித்தேன். தொடங்கியது 1957இல் வந்த 'இ வாம்பிரி'யில். இயக்குநர் ரிக்கார்டோ ஃப்ரேடா பாதியில் விலகிக்கொள்ள, ஒளிப்பதிவாளர் மரியோ பாவா முடித்துக் கொடுத்த படம். அதில் நடிகை ஜியானா மரியா கனாலேயின் இளமுகம், இடையில் வெட்டே இல்லாமல், நம் கண்ணெதிரே கிழடாகிறது. கறுப்பு வெள்ளைப் படச்சுருளும் வண்ண ஒப்பனையும் வண்ண ஒளியும் சேர்ந்து செய்த வேலை அது. படித்தபோது பாதிதான் புரிந்தது. சரி, செய்தே பார்ப்போம் என்று தங்கையின் நெற்றியிலும் கன்னத்திலும் சிவப்பு லிப்ஸ்டிக்கால் மெல்லிய சுருக்கங்கள் வரைந்தேன். போன் கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, லென்ஸ் முன்னால் சிவப்புக் கண்ணாடித்தாளைப் பிடித்தேன். கோடுகள் தோலோடு கலந்து மறைந்தன. பச்சைத் தாளை வைத்ததும் கரிக்கோடுகளாக எழும்பி வந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தப் பக்கத்தை அதற்குப் பிறகு நான் திரும்பப் படிக்கவே இல்லை.

அடுத்து, பாவாவே இயக்கிய 1960இன் 'லா மாஸ்கெரா தெல் தெமோனியோ'வைப் பாருங்கள். ரஷ்ய எழுத்தாளர் கோகோலின் 'வீய்' கதையிலிருந்து பிறந்தது, நடிகை பார்பரா ஸ்டீலுக்கு இரட்டை வேடம். ஆணி பதித்த முகமூடி முகத்தில் அறையப்படும் தொடக்கக் காட்சியை முதலில் ஒலியை அணைத்துப் பாருங்கள். அன்றைய இத்தாலியில் குரலைப் பிற்பாடுதான் சேர்த்தார்கள். அதனால் படம் தனியாக, ஒலி தனியாகப் பார்த்தால் நிறையப் பிடிபடும். வண்ணத்துக்கு 1963இன் 'இ த்ரே வோல்தி தெல்லா பவுரா'வில் வரும் நீர்த்துளிக் கதை ஒன்றே போதும்: ஜன்னலிலிருந்து வந்து வந்து போகும் பச்சை, ஊதா வெளிச்சம், சொட்டும் நீர், ஓர் ஈயின் ரீங்காரம்.

பெயர்களில் ஏமாந்துவிடாதீர்கள். இத்தாலியர் எடுத்த பேய்ப்படத்தை உள்ளூர் ரசிகர்களே நம்பமாட்டார்கள் என்று இயக்குநர்கள் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ராபர்ட் ஹாம்ப்டன் என்றால் ஃப்ரேடா, ஆன்டனி டாசன் என்றால் மார்கெரிட்டி, ஜான் எம். ஓல்ட் என்றால் பாவா. நான் இவர்களை ஆறு பேர் என்றே எழுதி வைத்திருந்தேன்!

இறுதித் தேர்வில், கையில் பணமில்லாதது இந்தப் படங்களின் பாணியை எப்படி வடிவமைத்தது என்று 15 மதிப்பெண்ணுக்குக் கேட்டிருந்தார்கள். கனாலேயின் முகத்தையும் சிவப்பு, பச்சைத் தாள்களையும் விடைத்தாளில் படமாக வரைந்து, அங்கிருந்தே எழுத ஆரம்பித்தேன்.