லன்காஸ்ரரின் வால்

கனடாவின் ஹமில்ரனில் இருக்கும் போர் விமான அருங்காட்சியகத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருக்கக்கூடாது. மகளுக்குப் பள்ளி விடுமுறை, வெளியே மழை, வேறு போக்கிடம் இல்லை. அம்மாவுக்குப் பொம்மர், அதாவது குண்டுவீச்சு விமானம் என்றால், சத்தம் கேட்டதும் பங்கருக்குள் இறங்கவேண்டிய ஒன்று. அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப் போர்க்காலப் பொம்மரான லன்காஸ்ரரின் வயிற்றுக்குக் கீழே நின்றபடி, "தம்பி, இதற்குள்ளே எத்தனை பேர் இருப்பார்கள்?" என்று கேட்டார்.

"ஏழு பேர் அம்மா."

அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். யாழ்ப்பாணத்தில் எங்கள் தலைக்கு மேல் வந்தவற்றுக்குள் ஆட்கள் இருந்தார்கள் என்பதை நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை.

அந்த விமானத்தின் பக்கவாட்டில் விஆர்-ஏ என்று எழுதியிருக்கிறது. 1944இல் விழுந்துபோன இன்னொரு லன்காஸ்ரரின் அடையாள எழுத்துகள் அவை. விழுந்ததும் இப்போது நிற்பதும் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மோல்ரனில் கட்டப்பட்டவை. அதே மோல்ரனில் ஒரு களஞ்சியத்தில் எட்டு வருடம் பெட்டி அடுக்கியவன் நான். பக்கத்தில் என்ன செய்தார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

விழுந்த விமானத்தில் அன்ட்ரூ மினார்ஸ்கி என்பவர் மேற்பக்கத் துப்பாக்கியாளராக இருந்தார். போலந்திலிருந்து வின்னிபெக்குக்குக் குடிவந்தவர்களின் மகன். படையில் சேருமுன் தோல் வெட்டும் தொழில் செய்தவர். வயது 27. வால் கூண்டில் துப்பாக்கியோடு இருந்தவர் பற் புரோஃபி, இவருடைய நெருங்கிய கூட்டாளி. ஜூன் 12 இரவு புறப்படுமுன் புல்லில் கிடைத்த நான்கு இலைக் குளோவரை மினார்ஸ்கி அவரிடம் கொடுத்தாராம். அதிர்ஷ்டத்துக்கு. அது அவர்களுடைய 13ஆவது பறப்பு. பிரான்சின் கம்ப்றே ரயில் தளத்தைக் குண்டு வீசி உடைக்கவேண்டும்.

நள்ளிரவு கடந்து ஜெர்மன் இரவுச் சண்டை விமானம் ஒன்று சுட்டது. இடது பக்க இரண்டு இயந்திரங்களும் போயின. வால் கூண்டைத் திருப்பும் விசை அவற்றிலிருந்துதான் வருவது; கூண்டு பாதியில் இறுகிவிட்டது. கையால் சுழற்றும் பிடியும் உடைந்தது. திரும்பாவிட்டால் கதவு வழிக்கு நேராக வராது. புரோஃபி உள்ளே அடைபட்டார்.

குதிக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. வாசலில் நின்ற மினார்ஸ்கி திரும்பிப் பார்த்தார். எரிகிற எண்ணெய்க்குள் தவழ்ந்து போய்க் கோடரியால் கூண்டை நெம்பினார். பிறகு வெறுங்கையால் இழுத்தார். இடுப்புக்குக் கீழே உடை எரிகிறது. 'போ, போ' என்று புரோஃபி கையால் காட்டினார். மினார்ஸ்கி முகத்தைத் திருப்பாமலே பின்னோக்கித் தவழ்ந்தார். வாசலில் நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்து ஏதோ சொன்னார். இரைச்சலில் கேட்கவில்லை. அவர் வழக்கமாகக் கேலியாகச் சொல்லும் "குட் நைட், சேர்" என்றுதான் புரோஃபி எடுத்துக்கொண்டார். பரசூட்டும் எரிந்தது. தரையில் விழுந்தபோது உயிர் இருந்தது; தீக்காயத்தில் போய்விட்டது.

விமானம் மரத்தில் மோதிச் சிதறியதில் கூண்டு தெறித்து, புரோஃபி பெரிய காயமில்லாமல் தப்பினார். மற்ற ஐந்து பேரும் தப்பினார்கள். பிரெஞ்சுக்காரர் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய புரோஃபி செப்டம்பரில் இங்கிலாந்து திரும்பிச் சொன்ன பிறகுதான் கதை வெளியே வந்தது. அவர் செத்திருந்தால் மினார்ஸ்கி வெறும் ஒரு பெயர். 1946இல் அவருக்கு விக்ரோறியா சிலுவை அறிவித்தார்கள்; வீரத்துக்கான மிக உயர்ந்த பதக்கம் அது.

இதையெல்லாம் வாலருகே நின்று மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கூண்டைப் பார்த்தால் நம் வீட்டு அலுமாரியைவிட அகலமாகத் தெரியவில்லை. அம்மா தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கார் நிறுத்துமிடத்தில் குடையை மடக்கும்போதுதான் வாய் திறந்தார்.

"அந்தப் பிள்ளையின் தாய் அப்போது இருந்தவவா?"

இருந்தார், பதக்கத்தை அவர் கையில்தான் கொடுத்தார்கள் என்றேன்.

"ம்" என்றார். பிறகு, "கம்ப்றேயில் ரயில் தளத்துக்குப் பக்கத்தில் வீடுகள் இருந்திருக்குமே" என்றார்.

இருந்திருக்கும் அம்மா என்றேன். மகள் பின் இருக்கையில் தூங்கிவிட்டாள்.