சாண் என்ன, முழம் என்ன

மார்ச் 3

இன்றைக்கு என் நோயின் பெயர் தெரிந்துவிட்டது. எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு, சுருக்கமாக பிபிடி: உணர்ச்சி, உறவு, தன்னைப் பற்றிய எண்ணம் எதுவும் ஓரிடத்தில் நிற்காமல் ஆடுவது. பதினேழு வயதில் மனச்சோர்வு என்றார்கள், இருபத்திரண்டில் பைபோலாராக (அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) இருக்கலாம் என்று இன்னொருவர் சந்தேகப்பட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்று டாக்டர் ஒரு மணி நேரத்துக்கு மேல் கேள்வி கேட்டுவிட்டுச் சொன்னது இதுதான்: பைபோலாரில் ஒரு மனநிலை வந்தால் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கும்; உங்களுக்குக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று, அதுவும் பெரும்பாலும் யாரோ சொன்ன ஏதோ ஒன்றில் இருந்து கிளம்புகிறது.

ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இருந்தால் போதுமாம். எனக்கு ஏழு. அக்காவிடம் சொன்னேன். "நீ எப்பவும் பாஸ் மார்க்குக்கு மேலதானே எடுப்பே" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் நான் மட்டும் அழுதேன்.

மார்ச் 5

எதனுடைய எல்லைக்கோடு என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். 1938இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற மனப்பகுப்பாய்வாளர், நியூரோசிஸ் (பதற்றம் மாதிரி, நிஜத்தோடு தொடர்பு அறாத கோளாறு) பக்கமும் சேராமல் சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோவது) பக்கமும் சேராமல் நடுவில் நின்ற நோயாளிகளுக்காக இந்தச் சொல்லை எடுத்திருக்கிறார். 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனி நோயாக இடம்பிடித்தது. அந்தக் கோடெல்லாம் எப்போதோ அழிந்துவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒன்பதில் ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் 256 விதமாகச் சேரலாம் (கணக்குப் போட்டுப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை). இதே பெயர் கொண்ட இரண்டு பேருக்கு ஒரே ஓர் அறிகுறி மட்டும் பொதுவாக இருக்க முடியும். அதனால் இணையத்தில் யாராவது "பிபிடிக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் அங்கேயே மூடிவிடுகிறேன்.

மார்ச் 11

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இரவு 9.40க்குத் தோழிக்கு மெசேஜ் போட்டேன். படித்துவிட்டதாகக் காட்டியது. பதில் இல்லை. 9.55க்கு "பிஸியா?" 10.05க்கு "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?" 10.20க்குள் பதினான்கு மெசேஜ்கள், கடைசி நான்கில் மன்னிக்க முடியாத விஷயங்கள். அப்புறம் பிளாக். அப்புறம் அன்பிளாக் செய்து, அனுப்பியதையெல்லாம் அழித்து, மறுபடி மன்னிப்புக் கேட்டு நீளமாக ஒன்று. மாலை வரைக்கும் உலகத்திலேயே என்னைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவள்தான், நாற்பது நிமிடத்தில் துரோகி.

போன் அவள் குழந்தையின் கையில் இருந்திருக்கிறது.

மார்ச் 14

தெரபிஸ்ட் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று தடவிக் கொடுக்கவும் இல்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அந்த இரவைச் சங்கிலி மாதிரி கண்ணி கண்ணியாக எழுதச் சொன்னார். முந்தைய ராத்திரி எவ்வளவு தூக்கம்? மூன்று மணி நேரம். மதியம் சாப்பிட்டேனா? இல்லை. 9.55க்கு உடம்பில் என்ன? நெஞ்சில் பாரம், கை சில்லிட்டிருந்தது. அப்போது என்ன தோன்றியது? "போகப் போறா."

அங்கே நிறுத்தினார். இது கோபமா? இல்லை, பயம். கோபம் அதற்கு அடுத்த கண்ணி. இத்தனை வருடமும் எனக்குக் கோபம்தான் பிரச்சினை என்று நானும் நினைத்தேன், வீட்டிலும் நினைத்தார்கள். பயம் வந்து போகிற வேகத்தில் நானே அதைப் பார்த்ததில்லை.

அந்தப் பயம் 0இலிருந்து 5க்குள் எவ்வளவு என்று கேட்டார். எனக்கு எரிச்சல். "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?" என்றேன்.

"9.55க்கு வெள்ளம் எங்க இருந்துச்சு?"

யோசித்துப் பார்த்தால், இடுப்பளவுதான்.

இன்றிலிருந்து தினமும் ஒரு கார்டு. பயம், கோபம், வெட்கம், வெறுமை, என்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம், எல்லாவற்றுக்கும் நம்பர்.

மார்ச் 20

எனக்குத் தருவது டிபிடி, இயங்கியல் நடத்தைச் சிகிச்சை: உணர்ச்சியை ஒத்துக்கொண்டே நடத்தையை மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை. வாரம் ஒரு தனிச் சந்திப்பு, ஒரு குழு வகுப்பு, இடையில் நிலைமை முற்றுவதற்கு முன் போனில் கேட்டுக்கொள்ளலாம். ஒரு வருடமாவது ஆகும் என்றார்கள். இதை உருவாக்கிய மார்ஷா லினெஹன் 1991இல் முதல் ஆய்வு முடிவை வெளியிட்டார். 2011இல்தான், தானே பதினேழு வயதில் மனநல மருத்துவமனையில் இருந்தவர் என்பதைப் பகிரங்கமாகச் சொன்னார். இருபது வருடம்! எனக்கு அலுவலகத்தில் லீவு கேட்கும்போது காரணம் சொல்லவே நாக்கு எழவில்லை.

இது ஒன்றுதான் வழி என்றில்லை. பேட்மன், ஃபோனகி இருவரும் கொண்டுவந்த மென்டலைசேஷன் முறை (தன் மனதிலும் அடுத்தவர் மனதிலும் என்ன ஓடுகிறது என்று யோசிக்கப் பழக்குவது) இருக்கிறது, ஸ்கீமா தெரபி (சின்ன வயதிலிருந்து ஊறிப்போன எண்ண வார்ப்புகளை மாற்றுவது) இருக்கிறது. மாத்திரை கேட்டேன். பிபிடிக்கென்றே ஒரு மருந்து கிடையாதாம். கூடவே மனச்சோர்வோ பதற்றக் கோளாறோ இருந்தால் அதற்குத் தருவார்கள். ஏமாற்றமாகத்தான் இருந்தது, மாத்திரை என்றால் முழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 2

கோபம் 5. காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் 4. எழுதி ஒட்டி வைத்திருந்ததைப் பார்த்து, பேசினில் ஐஸ் போட்ட தண்ணீர் நிரப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை முக்கினேன். முப்பது வினாடி என்று சொல்லிக்கொடுத்தார்கள், நான் பதினெட்டில் வெளியே வந்துவிட்டேன், மூக்கில் தண்ணீர், நெற்றி விண்ணென்று வலித்தது. மறுபடி. முகம் குளிர்ந்து மூச்சும் நின்றால், தண்ணீருக்குள் போய்விட்டோம் என்று உடம்பு நினைத்து இதயத் துடிப்பைக் குறைக்கும். (இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக்கூடாது.)

நிம்மதியெல்லாம் வரவில்லை. கோபம் 3 ஆனது, அவ்வளவுதான். ஆனால் 3இல் தெரபிஸ்ட்டுக்குப் போன் போட முடிகிறது. 5இல் முடியாது.

ஏப்ரல் 9

அக்காவுடன் சண்டை. பிறவியிலேயே உணர்ச்சி சட்டென்று பற்றிக்கொள்ளும் குழந்தை, "இதுக்கெல்லாமா அழுவே" என்று சொல்லிக்கொண்டே இருக்கும் வீடு, இரண்டும் சேரும்போது இது வளர்கிறது என்பது லினெஹனின் விளக்கம். அது எழுதியிருந்த கையேட்டை அவளிடம் படிக்கக் கொடுத்தது என் தப்பு. "அப்ப நான்தான் காரணமா?" என்றாள். இல்லை, மரபணுவுக்கும் பெரிய பங்கு இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

ராத்திரி அவளே வந்தாள். "நீ சொல்றதெல்லாம் சரின்னு நான் தலையாட்டணுமா?" இல்லை. நான் பயந்ததை நிஜம் என்று ஒத்துக்கொண்டால் போதும், செய்ததைத் தப்பு என்று சொல்லலாம். "அவ போயிடுவாளோன்னு பயந்துட்டே, புரியுது. ஆனா அவளை அப்படித் திட்டினது தப்பு." இதைச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். சொன்னாள், பாடம் ஒப்பிக்கிற மாதிரி. எனக்கு அதற்கே தொண்டை அடைத்தது.

போகும்போது வாசலில் நின்று கேட்டாள். "அப்ப நான் கோபமே படக்கூடாதா?" எனக்குப் பதில் தெரியவில்லை.

ஏப்ரல் 18

முன்பு ஒருமுறை என்னை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனபோது "கவனத்தை இழுக்கத்தான் இப்படிச் செய்யுது" என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார். கவனத்தை இழுக்கத் திட்டம் வேண்டும், நிதானம் வேண்டும். எனக்கு 10.05க்கும் 10.20க்கும் நடுவில் எங்கிருந்து வரும் அது?

மேரி ஜனாரினி என்ற ஆய்வாளரின் குழு, அமெரிக்காவின் மக்லீன் மனநல மருத்துவமனையில் இருந்த பிபிடி நோயாளிகள் 290 பேரைப் பத்து வருடம் பின்தொடர்ந்து 2010இல் முடிவு வெளியிட்டது. 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் தணிந்து, குறைந்தது இரண்டு வருடம் அப்படியே இருந்தது. இது ஆயுள் தண்டனை என்று சொன்னவர்களின் முகத்தில் இதை ஒட்டலாம். ஆனால் அதோடு வேலை, உறவு இரண்டும் நன்றாக அமைந்தவர்கள் பாதிப் பேர்தான். 93ஐ மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு (2).

ஏப்ரல் 27

தோழி பேச ஆரம்பித்துவிட்டாள், பழைய மாதிரி இல்லை, கொஞ்சம் அளந்து. அது அவள் உரிமை. நேற்று மறுபடி படித்துவிட்டுப் பதில் போடவில்லை. போனை அலமாரியில் வைத்து மூடிவிட்டு கார்டை எடுத்தேன். பயம் 4. அரை மணி கழித்து 3. அதற்குமேல் இறங்கவில்லை, மூன்றோடே தூங்கப் போனேன்.

காலையில் கார்டைப் பார்த்தால், கோபம் கட்டத்தில் பென்சிலால் "அக்கா: 2" என்று எழுதியிருக்கிறது. எதற்கு என்று கேட்க வேண்டும்.